சிவப்புப் பகடையும் நெப்போலியனும்

2024 ஜூன் 9, ஞாயிறு, காலை 9.20
(ஒரு வாசகரின் கேள்வி)

பொம்மைப் படைகளை மேசையில் பரப்பி நெப்போலியன் காலத்துச் சண்டைகளை ஆடுகிறவர்கள் இங்கே யாராவது உண்டா? என் பையன் கல்லூரி நண்பர்களோடு ஆரம்பித்திருக்கிறான். ஆள் குறைந்தால் என்னையும் உட்கார வைக்கிறான். நான் பகடை எறிந்தால் ஒன்று, இரண்டைத் தாண்டுவதில்லை. அவன் எறிந்தால் ஆறு. கைராசி என்று ஒன்று உண்டா, இல்லையா? இல்லை என்பவர்கள் கணக்கோடு வரவும்.

ஜூன் 9, பிற்பகல் 3.10

உண்டு. கணக்கு அப்புறம். முதலில் என் கதை.

2001இல் வேலைக்காக இங்கிலாந்தில் ஷெஃபீல்டு போனேன். குளிர்காலம், நாலு மணிக்கே இருட்டிவிடும். பக்கத்து வீட்டில் ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர் இருந்தார். "வியாழக்கிழமை ராத்திரி என்ன செய்கிறாய்?" என்றார். ஒன்றுமில்லை என்றேன். தேவாலயத்துக்குப் பின்னால் இருந்த கூடத்துக்குக் கூட்டிப் போனார். ஜெபக் கூட்டமோ என்று வாசலில் கொஞ்சம் தயங்கினேன்.

உள்ளே இரண்டு டேபிள் டென்னிஸ் மேசைகளை ஒட்டிப் போட்டு மேலே பச்சைக் கம்பளி விரித்திருந்தார்கள். கம்பளிக்கு அடியில் பழைய டெலிபோன் டைரக்டரிகளை அடுக்கியிருந்தார்கள், அதுதான் மலை. நீல ரிப்பன்தான் ஆறு. ரிப்பனுக்கு இரண்டு பக்கமும் நூற்றுக்கணக்கில் ஈயச் சிப்பாய்கள். ஒவ்வொன்றும் 25 மில்லிமீட்டர், ஆனால் சட்டைப் பொத்தான் வரைக்கும் வண்ணம் தீட்டியிருந்தது. அரைமணி நேரம் நான் வாயைத் திறக்கவில்லை.

அப்புறம் என் கையில் ஒரு பகடையைக் கொடுத்து, "எறி, பிரெஞ்சுப் பீரங்கி உன்னுடையது" என்றார்கள். எறிந்தேன். ஒன்று.

எங்கள் வீட்டில் பித்தளைத் தாயக்கட்டையில் ஆடித்தான் எனக்குப் பழக்கம். அதில் தாயம் விழுந்தால்தான் காய் உள்ளே இறங்கும். பாட்டி அரைமணி நேரம் உருட்டியும் தாயம் விழாமல் கட்டையைத் திட்டுவார். அதனால் ஒன்றைப் பார்த்ததும் என்னை அறியாமல் "தாயம்!" என்று கத்திக் கையையும் தூக்கிவிட்டேன். கூடமே திரும்பிப் பார்த்தது. அந்த மேசையில் ஒன்று என்றால் பீரங்கி வெடித்து என் ஆட்களே காலி.

கொஞ்ச நேரத்தில் எல்லோரும் கை தட்டினார்கள். அன்றிலிருந்து அந்தக் கூடத்தில் யாருக்கு ஒன்று விழுந்தாலும் "டையம்" என்பார்கள். எனக்கு விழுந்தால் கைதட்டலும் உண்டு. அடுத்த வாரமே எனக்கென்று ஒரு சிவப்புப் பகடை ஒதுக்கிவிட்டார்கள். புது ஆளுக்கு மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

ஜூன் 9, இரவு 10.45

போர் ஆட்டத்தில் என்ன சிரிப்பு என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்தக் கூடத்தில் இரண்டு கோஷ்டி. ஒன்று தீவிரமானது. தடி தடியாக விதிப்புத்தகம் வைத்துக்கொண்டு, எந்த ரெஜிமென்ட்டுக்கு 1809இல் காலர் என்ன நிறம் என்று அடித்துக்கொள்வார்கள். அவர்கள் சிரித்து நான் பார்த்ததில்லை. எங்கள் மேசைக்குக் கோமாளி மேசை என்று பெயர். எங்கள் விதி மொத்தம் நாலு பக்கம், எழுதியவர் ஒரு கணக்கு வாத்தியார், அவரேதான் நடுவர். ஆனால் அந்த நாலு பக்கத்தில் இருந்த கிறுக்குத்தனம் ஒவ்வொன்றும் வரலாற்றிலிருந்து எடுத்தது.

உதாரணத்துக்கு இளவரசர் விதி. 1815இல் நெப்போலியனை எதிர்த்த பிரிட்டிஷ் தளபதி வெலிங்டன் படையில் ஒரு பிரிவுக்குத் தலைவர் நெதர்லாந்தின் ஆரஞ்சு இளவரசர், வயது 22. நெப்போலியன் கடைசியாகத் தோற்ற வாட்டர்லூ சண்டைக்கு இரண்டு நாள் முன்னால், காத்ர் ப்ராவில், குதிரைப்படை வருவதைப் பார்த்து 69ஆம் ரெஜிமென்ட் சதுரமாக நிற்கத் தயாரானது. இவர் வரிசையாக நில்லுங்கள் என்று உத்தரவு போட்டார். குதிரைகள் ஏறி மிதித்துவிட்டன, ரெஜிமென்ட்டின் கொடியும் போயிற்று. எங்கள் விதிப்படி இளவரசர் உத்தரவு கொடுக்கும்போதெல்லாம் பகடை போட வேண்டும். ஒன்று விழுந்தால் அவர் சொன்னதற்கு நேர்மாறாக நடக்கும். இரண்டு விழுந்தால் அவர் சொன்னபடியே நடக்கும், அது இன்னும் மோசம்.

இன்னொன்று ஸ்ட்ராபெரி விதி. நெப்போலியனின் மார்ஷல் கிரௌச்சி கிட்டத்தட்ட 33,000 பேரோடு, வெலிங்டனுக்குத் துணையாக வந்த பிரஷ்யர்களைத் துரத்தப் போனவர். ஜூன் 18 மதியம் வாட்டர்லூ பக்கம் பீரங்கிச் சத்தம் கேட்கிறது. கூட இருந்த ஜெனரல் ஜெரார் சத்தம் வரும் பக்கம் போகலாம் என்று மன்றாடுகிறார். கிரௌச்சி போகவில்லை. அப்போது அவர் ஒரு வீட்டில் ஸ்ட்ராபெரி சாப்பிட்டுக்கொண்டிருந்தார் என்று காலங்காலமாக ஒரு கதை. எங்கள் ஆட்டத்தில் அவருக்கு ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பகடை. ஆறு விழுந்தால் கிளம்புவார். இரண்டு முதல் ஐந்து வரை யோசிப்பார். ஒன்று விழுந்தால் இன்னொரு கிண்ணம் கேட்பார், அடுத்த சுற்றுக்குப் பகடையே கிடையாது.

ஆட்டம் பன்னிரண்டு சுற்று. நான் கிரௌச்சி. நாலு தடவை கிண்ணம் கேட்டார். ஜூன் மாதம் என்பதால் தபால்காரர் மனைவி நிஜ ஸ்ட்ராபெரியே கொண்டுவந்திருந்தார். ஒன்று விழ விழ என் முன்னால் ஒரு கிண்ணம் வைத்தார்கள். மேசையின் மறுகோடியில் நெப்போலியனாக இருந்த பல் டாக்டர் என்னையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தின்றுகொண்டிருந்தேன். வேறென்ன செய்ய?

லட்சத்தில் ஒருத்தனுக்குத்தான் அப்படி விழும்.

ஜூன் 10, காலை 7.50

லட்சத்தில் ஒருத்தன் என்று எழுதியது தப்பு. ஒருவர் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். நாலு கிண்ணம் போனதால் எனக்குக் கிடைத்தது எட்டு எறிதல்தான். எட்டில் ஒரு ஆறுகூட விழாமல் போவதற்கு நூற்றுக்கு இருபத்துமூன்று வாய்ப்பு. அதாவது, நாலு கிரௌச்சியில் ஒருவர் கிட்டத்தட்ட இப்படித்தான் உட்கார்ந்திருப்பார். எட்டில் சரியாக நாலு ஒன்று விழுவது மட்டும் அபூர்வம், நூற்றுக்கு மூன்றைவிடக் குறைவு. சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வயிற்றுவலி வந்தது எனக்குத்தான்.

ஜூன் 10, இரவு 9.30

வியன்னா பாலம் கதையைச் சொல்லாமல் விட்டால் தூக்கம் வராது.

1805 நவம்பர் 13. வியன்னா பிரெஞ்சுக்காரர் கையில். டான்யூப் ஆற்றின் மேல் தாபோர் பாலம், மறுகரையில் ஆஸ்திரியர்கள் வெடிமருந்து கட்டித் திரியோடு காத்திருக்கிறார்கள். நெப்போலியனின் மார்ஷல்கள் லானும் முராவும் என்ன செய்தார்கள் தெரியுமா? சாயங்காலம் காற்று வாங்கப் போகிறவர்கள் மாதிரி பாலத்தில் நடந்து போனார்கள். "சண்டை நிறுத்தம் ஆகிவிட்டது, உங்களுக்குச் செய்தி வரவில்லையா?" என்று கேட்டுக்கொண்டே போனார்கள். பின்னால் கிரனேடியர்கள், பொறுக்கியெடுத்த காலாட்படை, சத்தமில்லாமல் வந்துகொண்டிருந்தார்கள். ஆஸ்திரியப் பக்கம் ஒரு பீரங்கி சார்ஜன்ட்டுக்கு மட்டும் விஷயம் புரிந்துவிட்டது. ஏமாற்றுகிறார்கள் என்று தளபதி ஔவர்ஸ்பெர்கிடம் கத்தினான். மார்ஷல்கள், உங்கள் படையில் ஒழுக்கம் இவ்வளவுதானா என்று கேட்டார்கள். தளபதி சார்ஜன்ட்டைக் கைது செய்தார். பாலம் போயிற்று. பின்னால் ராணுவ நீதிமன்றத்தில் நின்றது அந்தத் தளபதிதான்.

இதை வாத்தியார் ஆட்டமாக்கினார். மூன்று எறிதல். முதலாவது காவலாளிக்கு, இரண்டாவது திரி பிடித்தவனுக்கு, மூன்றாவது சார்ஜன்ட்டுக்கு. ஒன்று மட்டும் விழக்கூடாது, மற்ற எதுவானாலும் சரி. மூன்றும் தப்புவதற்கு நூற்றுக்கு ஐம்பத்தெட்டு. அது மட்டுமில்லை, வெறும் எறிதல் போதாது, பேசியும் காட்ட வேண்டும். நான் முராவாக எழுந்து நின்று, என் இங்கிலீஷில், சண்டை நிறுத்தத்தைப் பற்றி ஒரு சொற்பொழிவே நிகழ்த்தினேன். தீவிர கோஷ்டியில் இரண்டு பேர் ஆட்டத்தை விட்டுவிட்டு வந்து வேடிக்கை பார்த்தார்கள்.

முதல் எறிதல் ஐந்து. இரண்டாவது நாலு. மூன்றாவதற்குப் பகடையை உள்ளங்கையில் வைத்து ஊதினேன். உருண்டு போய்த் தேநீர்க் கோப்பையில் முட்டி, ஒரு சுற்று சுற்றி, நின்றது.

"டையம்!"

எதிரே ஆஸ்திரியராக இருந்த தபால்காரருக்கு ஆறு விழுந்தால் மட்டும் வெடி வெடிக்கும். அவர் பார்க்காமலே எறிந்தார். ஆறு. பாலம், லான், முரா, பின்னால் வந்த கிரனேடியர் எல்லாம் ஆற்றில். வாத்தியார் அதோடு விடவில்லை. நீச்சலுக்கும் பகடை போடச் சொன்னார். லானுக்கு ஆறு, கரையேறிவிட்டார். முராவுக்கு ஒன்று. தொப்பியில் அவ்வளவு இறகு வைத்துக்கொண்டு நீந்த முடியாது என்று தீர்ப்பு.

வரலாற்றில் லான் 1809இல் ஆஸ்பெர்ன்-எஸ்லிங் சண்டையில் குண்டடி பட்டு, சில நாள் கிடந்து இறந்தார். முரா 1808இல் நேப்பிள்ஸுக்கே ராஜாவாகி, 1815இல் சுட்டுக் கொல்லப்பட்டார். என் புண்ணியத்தில் அவருக்குப் பத்து வருடமும் ஒரு ராஜ்ஜியமும் நஷ்டம்.

ஜூன் 11, காலை 6.40

ஒரு விஷயம் விட்டுப்போயிற்று. மேசையை விட்டுத் தரையில் விழுந்த பகடை செல்லாது, திரும்ப எறிய வேண்டும். மூன்று வருடத்தில் நான் பியானோவுக்கு அடியிலும் ரேடியேட்டருக்குப் பின்னாலும் மண்டி போட்டுத் தேடி எடுத்த பகடைகளில் பாதிக்கு மேல் ஆறு காட்டிக்கொண்டு கிடந்தன. சத்தியமாக.

ஜூன் 11, இரவு 11.15

"பாதிக்கு மேல் ஆறா, எண்ணினீர்களா?" இல்லை. எண்ணவில்லை. விடுங்கள்.

மொரால் டெஸ்ட் என்றால் என்ன என்று ஒருவர் கேட்டதற்குப் பதில். நிஜப் போரில் கடைசி ஆள் சாகும்வரை யாரும் சண்டை போடுவதில்லை. நாலு பேர் விழுந்ததும் ஒருவன் திரும்பிப் பார்ப்பான், அப்புறம் மொத்தப் பட்டாளமும் ஓடும். மேசையில் அதற்குத்தான் இந்தச் சோதனை. அடி வாங்கிய பிரிவுக்கு இரண்டு பகடை போட்டுக் கூட்டுவோம். நல்ல படையென்றால் நாலோ ஐந்தோ வந்தால் போதும், நிற்கும். இரண்டும் ஒன்றாக விழுந்தால் எப்பேர்ப்பட்ட படையும் மேசையை விட்டு ஓட வேண்டும். அதற்கு முப்பத்தாறில் ஒரு வாய்ப்பு.

இந்த ஆட்டம் ஆடுகிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த சாபம் ஒன்று இருக்கிறது. புதிதாக வண்ணம் தீட்டிய படை முதல் சண்டையிலேயே ஓடும். நான் பன்னிரண்டு குய்ராசியர் வாங்கினேன், மார்புக் கவசம் போட்ட பிரெஞ்சுக் குதிரைப்படை. இரண்டு மாதம், ராத்திரி ராத்திரியாக. முதலில் முழுக்கக் கறுப்பு அடிப்பேன். குதிரைக்கு நாலு விதப் பழுப்பு. கவசத்துக்கு வெள்ளி பூசி, காய்ந்ததும் கறுப்பு மையை நிறையத் தண்ணீர் விட்டுக் கரைத்து மேலே ஓடவிட வேண்டும். மை மடிப்புகளில் தங்கினால்தான் உலோகம் மாதிரி தெரியும். கண் புருவத்துக்கு ஒற்றை மயிர்த் தூரிகை. மூச்சை அடக்கிக்கொண்டு வைக்க வேண்டும். வாடகை அறையில் டர்பன்டைன் நாற்றம் போகவே இல்லை.

வியாழக்கிழமை கொண்டுபோய் இறக்கினேன். தீவிர கோஷ்டிக்காரர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கிட்டத்தில் வந்து பார்த்தார். காலர் நிறம்கூடச் சரி என்றார். முதல் சுற்றில் தூரத்திலிருந்து ஒரே ஒரு பீரங்கிக் குண்டு. ஒரு குதிரை காலி. சம்பிரதாயத்துக்கு ஒரு சோதனை. சிவப்புப் பகடை ஒன்று. வெள்ளைப் பகடையும் ஒன்று. பதினொரு பேரும் திரும்பி, ஓடுகிற வழியில் என்னுடைய காலாட்படையையே மிதித்துக்கொண்டு போனார்கள். அவர்களுக்கும் சோதனை, அவர்களும் ஓட்டம். குதிரை கீழே தள்ளியதோடு குழியும் பறித்ததாம் என்ற பழமொழிக்கு அன்றைக்குத்தான் முழு அர்த்தம் புரிந்தது.

ஏழரை மணிக்கு ஆட்டம் ஆரம்பம். ஏழே முக்காலுக்கு அந்தப் பன்னிரண்டு பேரும் பஞ்சு வைத்த பெட்டிக்குள் போயாயிற்று.

ஜூன் 12, மதியம் 1.05

பகடையே இல்லாமல் ஆடலாமே என்கிறார் ஒருவர். ஆடலாம். எச். ஜி. வெல்ஸ் 1913இல் பொம்மைப் போருக்கு விதி எழுதியபோது சுடுவதற்குப் பகடை வைக்கவில்லை. ஸ்பிரிங் வைத்த பொம்மைப் பீரங்கியால் நிஜமாகவே குறி பார்த்துச் சுட வேண்டும், பொம்மை விழுந்தால் செத்தான். எங்கள் கூடத்தில் ஒரு தடவை முயன்றோம். பல் டாக்டரின் மூக்குக்கண்ணாடி செத்தது.

அதற்கு முன்னாலேயே, 1824இல், ரைஸ்விட்ஸ் என்ற பிரஷ்ய அதிகாரி வரைபடமும் பகடையும் வைத்து ஓர் ஆட்டத்தைப் படைத் தலைமைக்குக் காட்டினார். தலைமை அதிகாரி மியூஃப்லிங் முதலில் சலிப்போடுதான் உட்கார்ந்தாராம். ஆட்டம் போகப் போக, இது விளையாட்டே இல்லை, போருக்கான பயிற்சி என்று சொல்லி எழுந்தாராம். யார் இந்த மியூஃப்லிங்? வாட்டர்லூவில் வெலிங்டன் பக்கத்தில் பிரஷ்யத் தொடர்பு அதிகாரியாக நின்றவர். பிரஷ்யர் எப்போது வருவார் என்று மணிக்கணக்கில் காத்திருந்த ஆள். பகடை உருளுவதைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்ததில் ஆச்சரியமில்லை.

ஜூன் 13, இரவு 10.20

பரணில் தேடி அந்தப் பழைய நோட்டை எடுத்துவிட்டேன். வாத்தியார் ஒற்றைப் பகடை எறிதல்களை எல்லாம் எழுதி வைக்கச் சொல்வார், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்க. மூன்று வருடத்தில் பாதி ஆட்டங்களுக்குக் கணக்கு இருக்கிறது. தேநீர்க் கறை, ஓரிடத்தில் ஸ்ட்ராபெரிக் கறையும்.

எண்ணினேன். மொத்தம் 412 எறிதல். ஒன்று விழுந்தது 71. ஆறில் ஒரு பங்கு என்றால் 69 வர வேண்டும். ஆக, எல்லாம் பிரமை. விழுந்த ஒன்றுகள் மட்டும் ஞாபகத்தில் தங்கிவிட்டன. நடுவில் வந்த மூன்று, நாலெல்லாம் யாருக்கு நினைவிருக்கிறது?

முதல் நாள் 'உண்டு' என்று எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். கைராசி கிடையாது.

பகடையில் கோளாறு இருக்கலாம், அது வேறு. 1894இல் வெல்டன் என்ற ஆங்கிலேய விலங்கியல் பேராசிரியர் பன்னிரண்டு பகடைகளை 26,306 தடவை எறிந்து எழுதி வைத்தார். ஐந்தும் ஆறும் வரவேண்டியதைவிடக் கொஞ்சம் அதிகம் வந்தன. புள்ளிகளைக் குழித்து எடுப்பதால் ஆறு இருக்கும் பக்கம் எடை குறைவு என்பது வழக்கமாகச் சொல்லும் காரணம். கவனியுங்கள், கோளாறு இருந்தால்கூட அது ஆறுக்குத்தான் சாதகம்.

ஜூன் 14, காலை 5.30

தூக்கம் வரவில்லை. எழுந்து நோட்டைத் திரும்பப் பார்த்தேன். ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு பத்தி. இடது பக்கம் பிரெஞ்சு, வலது பக்கம் எதிரி. நேற்று நான் இரண்டையும் சேர்த்து எண்ணியிருக்கிறேன்.

பிரித்து எண்ணியது இது. நான் எறிந்தவை 198, அதில் ஒன்று 46. வர வேண்டியது 33. எதிரிகள் எறிந்தவை 214, அதில் ஒன்று 25. வர வேண்டியது 35 சொச்சம்.

வாபஸை வாபஸ் வாங்குகிறேன்.

ஜூன் 15, இரவு 8.00

"ராசியை விடுங்கள், உங்கள் திட்டமே மோசம்" என்று எழுதியவருக்கு: வாத்தியாரும் இதையேதான் சொல்வார். நல்ல ஆட்டக்காரன் பகடை எறிய வேண்டிய இடங்களைக் குறைப்பான். ஒன்று விழுந்தாலும் தாங்குகிற மாதிரி பின்னால் ஒரு படையை வைத்திருப்பான். நான் எல்லாவற்றையும் ஒரே எறிதலில் கட்டிவிட்டு ஊதிக்கொண்டு நிற்பேன். பாலத்தில் கிரனேடியர்களை இன்னும் கொஞ்சம் தள்ளி நிறுத்தியிருந்தால் முரா மட்டும் போயிருப்பார்.

ஆனால் ஒரே எறிதலில் கட்டுவது எல்லாச் சமயத்திலும் முட்டாள்தனம் என்றும் சொல்ல முடியாது. வெலிங்டன் டியூக் ஆவதற்கு முன்னால், வெல்லெஸ்லி என்ற பெயரில், நம் ஊர்ப் பக்கம் இருந்தவர்தான். சென்னைக் கோட்டைக்குள் வெல்லெஸ்லி இல்லம் என்று இன்றைக்கும் ஒன்று உண்டு. 1803 செப்டம்பர் 23, அஸாயே. எதிரே மராட்டியப் படை பல மடங்கு பெரிது. நடுவில் கைத்னா ஆறு. வழிகாட்டிகள் ஆற்றில் இறங்குதுறையே கிடையாது என்கிறார்கள். இவர் பார்க்கிறார். இக்கரையில் ஓர் ஊர், நேர் எதிரே அக்கரையில் இன்னோர் ஊர். இவ்வளவு கிட்டத்தில் எதிரெதிரே இரண்டு ஊர் இருந்தால் ஜனங்கள் போக வர ஒரு துறை இல்லாமலா இருக்கும் என்று நினைத்து அங்கே போனார். துறை இருந்தது. அவரோடு இறங்கிக் கடந்த காலாட்படையில் பெரும்பகுதி மெட்ராஸ் சிப்பாய்கள். பிற்காலத்தில், தான் நடத்திய சண்டைகளிலேயே சிறந்தது எது என்று கேட்டபோது வாட்டர்லூவைச் சொல்லாமல் அஸாயேவைத்தான் சொன்னார்.

நாங்கள் இதையும் ஒரு தடவை ஆடினோம். மெட்ராஸ் பட்டாளம் எனக்குத்தான் வேண்டும் என்று சண்டை போட்டு வாங்கினேன். துறை இருக்கிறதா என்பதற்கு ஒரு பகடை, இரண்டுக்கு மேல் விழுந்தால் உண்டு.

எழுதவே வேண்டாம்.

ஜூன் 16, பிற்பகல் 4.25

பகடையில் ஒரு பக்கம் கனம் குறைவா என்று உப்புத் தண்ணீரில் மிதக்கவிட்டுப் பாருங்கள், கனம் குறைந்த பக்கம் மேலே வரும் என்றீர்களே, செய்தேன். 2004இல் ஊருக்குத் திரும்பும்போது அந்தச் சிவப்புப் பகடையை ஒரு வெல்வெட் பையில் போட்டு எனக்குப் பரிசாகக் கொடுத்திருந்தார்கள். இன்னும் இருக்கிறது, மூலைகள் தேய்ந்து, மிட்டாய் மாதிரி.

கண்ணாடி டம்ளரில் தண்ணீர். கல்லுப்பு ஒவ்வொரு கரண்டியாக. பகடை அடியிலேயே கிடந்தது. உப்பு கரையாமல் அடியில் தங்க ஆரம்பித்தபிறகுதான் மெல்ல எழுந்து மிதந்தது. பாதி டப்பா காலி, வீட்டில் அதற்கு வேறு பதில் சொல்ல வேண்டியிருந்தது. விரலால் சுண்டிச் சுழற்றிவிட்டேன். உருண்டு, ஆடி, நின்றது. மேலே ஒன்று. மறுபடி சுண்டினேன். ஒன்று. பத்துத் தடவையில் ஒன்பது தடவை ஒன்றுதான் மேலே வந்தது. ஒத்துப் பார்க்க லூடோப் பெட்டியிலிருந்து ஒரு வெள்ளைப் பகடையைப் போட்டேன். அது இஷ்டத்துக்கு எதையோ காட்டியது.

உள்ளே, ஒன்று இருக்கும் பக்கத்தில், வார்க்கும்போதே காற்றுக் குமிழி தங்கியிருக்க வேண்டும். வெல்டன் பகடைக்கு நேர் எதிர். மிதப்பது வேறு, மேசையில் உருள்வது வேறு என்று வாதம் செய்ய வருகிறவர்கள் வரலாம். 198க்கு 46, அவ்வளவுதான் சொல்வேன்.

ஜூன் 18, செவ்வாய், இரவு 11.50

இன்றைக்கு வாட்டர்லூ நாள். வருடத்துக்கு ஒரு தடவை தபால்காரருக்குப் போன் செய்வது வழக்கம். எண்பத்து நாலு வயது. காது கொஞ்சம் மந்தம், குரல் அப்படியேதான். வாத்தியார் போன வருடம் போய்விட்டார் என்று அப்போதுதான் சொன்னார். நாலு பக்க விதி இப்போது பதினொரு பக்கமாம்.

சிவப்புப் பகடையை உப்புத் தண்ணீரில் போட்ட கதையைச் சொன்னேன். மறுமுனையில் சத்தமே இல்லை. லைன் போய்விட்டது என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"அது ஒன்றுதான் காட்டும் என்று எங்களுக்குத் தெரியுமே. நீ வருவதற்கு ரொம்ப நாள் முன்னாலேயே தெரியும். யாரும் தொட மாட்டார்கள், கிண்ணத்தின் அடியிலேயே கிடக்கும்."

"அதை ஏன் எனக்குக் கொடுத்தீர்கள்?"

"முதல் நாள் உனக்கு ஒன்று விழுந்ததும் கையைத் தூக்கிக் கத்தினாயே. ஒன்று விழுந்தால் சந்தோஷப்படுகிற ஆள் இப்போதுதான் கிடைத்தான், உன் ஊர்ப் பழக்கம் போலிருக்கிறது என்று வாத்தியார்தான் அதை உன் பக்கம் தள்ளிவிட்டார். மூன்று வருடமும் ஒவ்வொரு தடவையும் கத்தினாய். உனக்கு அவ்வளவு பிடித்திருக்கிறது என்று நினைத்தோம்."

நான் அந்த மூன்று வருடமும் வயிறெரிந்து கத்தினேன் என்று எப்படிச் சொல்வது? சொல்லிப் பார்த்தேன். காது கேட்கவில்லை என்றார். விளையாடுகிறாரா, நிஜமா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

ஜூன் 19, காலை 8.15

கேள்வி கேட்டவருக்கு. உங்கள் வீட்டுப் பகடை மிதக்கவே இல்லை, அடியிலேயே கிடக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இன்னும் உப்புப் போடுங்கள். தூள் உப்பு வேண்டாம், தண்ணீர் கலங்கிப்போய் ஒன்றும் தெரியாது. கல்லுப்பு.